மூன்று தலை டெக்

என் கணவருக்கு வாய் ஓயாது. கல்யாணமான புதிதிலேயே என் தம்பி, "அத்தானுக்கு ஆஃப் பட்டனே கிடையாதா அக்கா?" என்று கேட்டான். அந்த வாய்தான் இப்போது அடைத்துக்கிடக்கிறது. பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, கூடவே பேச்சும் போனது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதிலுக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் எல்லாரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. தைரியசாலி என்றார்கள். தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் எப்படி இருக்கும், அப்படி இருந்தேன். வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் அதே கதைதான். மாத்திரை கொடுத்தேன், ஊட்டினேன், துடைத்துவிட்டேன். மனசு எங்கோ கழன்று விழுந்திருந்தது. அதைத் தேடவும் தோன்றவில்லை.

ஹாலில் அவருடைய கேசட் டெக் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் வாங்கப் போனவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். நான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முகப்பில் இரண்டு முள் மீட்டர்கள், இடப்பக்க ஒலிக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. சின்ன விரல் பட்டாலே அமுங்கும் பட்டன்கள். கண்டதை அமுக்கி நான் கெடுத்துவிடுவேன் என்று பயந்து, எனக்காகவே ஒரு கேசட் முழுக்கப் பேசிப் பதிந்துவைத்தார்.

"அம்மணி, கவனமாக் கேளு. இந்த டெக்குக்கு மூணு தலை. ராவணனுக்குப் பத்து இருந்து என்ன பிரயோஜனம்? பதியும்போது முதல் தலை பழசை அழிக்கும். ரெண்டாவது புதுசைப் பதியும். மூணாவது அதை அப்பவே படிச்சுக் காட்டும். மத்த டெக்குல பதிஞ்சு முடிச்சு, திரும்ப ஓடவிட்டாத்தான் வண்டவாளம் தெரியும். இதுல மானிட்டர் சுவிட்சைத் தட்டினாப் போதும், பதிஞ்ச கையோட காதுக்கு வந்துடும். அப்புறம் இந்தக் குமிழு. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு குணம் உண்டு, அதுக்கு ஏத்தபடி திருகிக்கணும். நான் உனக்கு ஏத்தபடி திரும்பிக்கிறேன் இல்ல, அந்த மாதிரி."

அவர் குரலை அவரே கேட்டால் பேச்சு திரும்பிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். யாரும் சொல்லித்தரவில்லை, நானாகப் பிடித்த முயல். தினமும் மாலையில் அந்தக் கேசட்டைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொள்வேன்.

"கூடவே சொல்லுங்க. மூ... ணு... தலை."

அவர் ஏதோ ஒலியெழுப்புவார். "அப்படி இல்லைங்க, சரியாச் சொல்லுங்க" என்று முதலிலிருந்து ஓடவிடுவேன். கொஞ்ச நாளில் டெக்கைத் தொட்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிடிவாதம் என்று நினைத்தேன்.

"விட்டுடேன் அக்கா. அத்தானைப் பார்த்தாப் பாவமா இருக்கு" என்றான் தம்பி.

"நீ ஒருநாள் வந்து ஊட்டு, அப்புறம் பாவம் பாரு" என்றேன்.

நேற்று மத்தியானம் மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கினேன். அவர் டெக்கின் முன்னால் நாற்காலியில் இருந்தார். தலையில் ஹெட்போன், மடியில் மைக். சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவாகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் பார்த்தேன், அதே கேசட். யாரும் தவறி அழித்துவிடக் கூடாதென்று அதன் முதுகில் இருந்த பிளாஸ்டிக் துண்டை அவரே பதிந்த அன்றே உடைத்துவிட்டிருந்தார். அந்த ஓட்டை இருக்கும்வரை பதிவுப் பட்டன் வேலை செய்யாது. இப்போது அதன்மேல் என் மருந்து டப்பாவிலிருந்த பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஓரத்தில் பல் பட்ட தடம். ஒற்றை இடது கையால் ஒட்டியிருக்கிறார்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க! அழியுது, உங்க குரல் அழியுது!"

நிறுத்தப் பாய்ந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பலம் அந்தக் கையில் மிச்சம் இருந்தது எனக்குத் தெரியாது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன, அழிச்சுடுவீங்க! எனக்கு வேற என்ன இருக்கு?" என்று கத்தினேன். இரண்டு முள்ளும் துள்ளி அடங்கின.

அவர் என்னை விட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். மானிட்டர் சுவிட்சைத் தட்டினார். மைக்கை வாயருகே தூக்கி, என்னையே பார்த்தபடி அந்தச் சத்தத்தை எழுப்பினார்.

உதடு அசைந்த கணத்துக்குச் சற்றுப் பின்னால் அது என் காதுக்குள் வந்தது. கரகரவென்று, இழுத்து, நடுவில் உடைந்து. மறுபடி எழுப்பினார். கடைசியில் லேசாக மேலே ஏறியது, "அம்மணி" என்று அழைக்கும்போது ஏறுவது போல. இத்தனை நாளும் நான் திருத்திக்கொண்டே இருந்த சத்தம். காது கொடுத்துக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவர் என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கேக்குதுங்க" என்றேன்.

அவர் மைக்கை என் பக்கம் நீட்டினார்.

எனக்கு அழுகைதான் வந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் வராத அத்தனையும் சேர்ந்து, மூக்கு ஒழுக, அசிங்கமாக. அவர் டெக்கை நிறுத்தவில்லை. என் தலையிலிருந்து ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டு, நான் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.