கூகைக்கட்டுக்கு ஒரு நவநாள்

அறுபத்துமூன்று வயதில் அழகு தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஓம், தேவை. உடம்பு மெலிந்தபோது என் தாடையும் கழுத்தும் தொங்கிப் போயின. கோயிலில் பூசை நேரம் வேதாகம வாசகம் வாசிக்க ஏறினால் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றி, இரண்டு வருடமாக ஏறுவதையே விட்டிருந்தேன். போன மாதம் பொரளையில் ஒரு டொக்டரிடம் போய், காதுக்குப் பின்னால் வெட்டி, தொங்கியதை இழுத்துத் தைத்துக்கொண்டு வந்தேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற சனத்துக்கு இது தெரிந்தால், பிறிஜெற்றாகிய நான் சாகும்வரை 'மேக்கப் பிறிஜெற்'தான். அந்தப் பயத்தில், ஏதாவது சொல்லிச் சமாளிக்கும்படி என் மனுசன் கிளறன்சிடம் கேட்டேன். வீங்கிய முகத்தையும் தாடையைச் சுற்றிய பட்டியையும் பார்த்துவிட்டு, அந்த மகாபுத்திசாலி எனக்குக் கூகைக்கட்டு, அதுதான் தாடை வீங்கும் தொற்று வருத்தம், என்று ஊருக்கே சொல்லிவிட்டார்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்கோ வீட்டுக்கு வீடு சூப் வந்தது. மூன்றாம் வீட்டுச் சாமினி செபக் குழுவைத் திரட்டி, நான் சுகப்பட வேண்டுமென்று எங்கள் விறாந்தையில் ஒன்பது நாள் நவநாள் தொடங்கிவிட்டாள். அவள் புருசன் வலன்ரைனுக்குச் சிறுவயதில் கூகைக்கட்டு வந்ததில்லை. இந்த வயதில் தொற்றினால் ஆபத்து என்று உள்ளே வரவில்லை. வராமல் இருக்கவும் மனமில்லை. கேற்றுக்கு வெளியே றோட்டில் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னார். ஏற்கெனவே முழங்கால் வருத்தக்காரர். ஆறாம் நாள் நல்ல மழை. அப்போதும் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தார்.

யன்னலால் பார்த்த எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. பட்டியோடு விறாந்தைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். அழுகையும் வந்துவிட்டது. என் மானம் போனது போனதுதான் என்று நினைத்தேன்.

கேற்றடியில் இருந்துதான் முதல் குரல் வந்தது.

"அப்ப நான் உள்ளுக்கு வரலாமா, அக்கா?"

சாமினி சிரித்துக்கொண்டே அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். இனி நவநாளை நிறுத்தும்படி நான் கெஞ்சினேன்.

"தொடங்கினதைப் பாதியில விடேலாது," என்றாள். "தையல் ஆற வேணாமா?"

மற்ற மூன்று நாளும் வலன்ரைன் எனக்குப் பக்கத்தில் இருந்து செபமாலை சொன்னார். இந்தச் சனத்துக்கா பயந்து ஒளித்தேன் என்று நினைக்க நினைக்க நன்றி பெருகி, என்னால்தான் பதில் செபம் சொல்ல முடியவில்லை.