டிக்கியில் வந்த கை

டிக்கியில் கை வருகிறது என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். பாவம், தனியாக இருந்து இருந்து மூளை கலங்கிவிட்டது என்பார்கள். துணைக்கு என்று முறை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு வந்து படுப்பார்கள். எனக்குத் தூக்கம் வருவதே அபூர்வம். அதையும் அடுத்தவர் குறட்டைக்குப் பறிகொடுக்க நான் தயாராக இல்லை.

பனி இறங்கிய காலைகளில்தான் வரும். எங்கள் ஷெட் என்பது நான்கு தூணும் ஒரு தகரக் கூரையும்தான். காரின் பின்பாதி கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விடிந்ததும் பால் எடுக்க வாசலுக்குப் போவேன். கறுப்புக் கார் முழுக்க வெள்ளையாகப் பனி மூடியிருக்கும். டிக்கியின் மேல் மட்டும், சரியாக நடுவில், ஒரு கை கறுப்பாகத் தெரியும். வெயில் ஏறினால் பனியோடு கையும் போய்விடும்.

முதல் நாள் பால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டேன். எவனோ தெருவில் போகிறவன் கை வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தேன். மறுநாளும் அதே இடத்தில் அதே கை. ஷாம்பு போட்டுக் கழுவினேன். அதற்கு அடுத்த நாளும் வந்தது. அன்றைக்குத்தான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். சுண்டு விரலின் நுனி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

அந்த விரலை எனக்குத் தெரியும். இதே காரின் கதவில் நசுங்கி, கோணலாகக் கூடிய விரல். என் வீட்டுக்காரருடையது. அவர் போய் அப்போது ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது.

ஆபீஸில், ஒரு மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கண் அசந்திருக்கிறார் என்று பக்கத்து மேசைக்காரர் நினைத்தாராம். போன் வந்தபோது நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கூடவே இருந்துவிட்டு, அவர் போகிற நேரத்தில் நான் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தேன். இதுதான் என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. ஆறுதல் சொன்னவர்கள் எல்லாம் நல்ல சாவு என்றார்கள். அவருக்கு நல்லதாக இருக்கலாம். எனக்கு அது பாதியில் பிடுங்கிக்கொண்டு ஓடியது போல இருந்தது.

அதனால் கையைக் கண்டதும் பயந்தேன் என்று மட்டும் சொன்னால் பொய். நெஞ்சு பக்கென்றது, வாஸ்தவம். ஆனால் மறுநாள் தலை வாரிக்கொண்டுதான் பால் எடுக்கப் போனேன்.

வாரத்துக்கு வாரம் கை தெளிவாகிக்கொண்டே வந்தது. ஆரம்பத்தில் விரல் நுனிகள் மட்டும் நன்றாகத் தெரிந்தன. அப்புறம் முழு விரல்கள், அப்புறம் உள்ளங்கை, அப்புறம் மணிக்கட்டுப் பக்கத்து மேடு. கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார் என்று நினைத்தேன். "என்ன, இன்னைக்கு லேட்டா?" என்று கேட்பேன். பனி குறைவாக இருக்கும் நாட்களில் கோபித்துக்கொள்வேன். கை முழுசாக வந்த பிறகு அடுத்து என்ன வரும் என்று ஒரு நாள் தோன்றியது.  அன்று பகலில்கூட எல்லா ரூமிலும் லைட்டைப் போட்டு வைத்தேன். இருந்தும், எது வந்தாலும் வரட்டும் என்றுதான் இருந்தது.

அவர் வந்தால் காருக்குத்தான் வருவார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மனுஷன் காரில் போனதைவிடக் காரைச் சுற்றி நடந்ததுதான் அதிகம். ஷெட் தூணில் ஒரு அலமாரி அடித்து, அதில் பாட்டில் பாட்டிலாக அடுக்கி வைத்திருந்தார். ஷாம்பு, அழுக்கு இழுக்கும் களிமண் கட்டி, மூன்று தினுசு பாலிஷ், பெயின்ட் மேல் பூச்சாகக் காயும் சீலன்ட். துணிகளுக்குத் தனி டப்பா. அந்தத் துணியை எடுத்து நான் ஒரு தடவை அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டேன். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

எது வாங்குவது என்று கேட்டு யாராவது வந்துவிட்டால் போதும். "பாலிஷ் கீறல எடுக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் காரோட தோலும் கொஞ்சம் போகும், பாத்துச் செய்யணும். சீலன்ட் இருக்கிறத அப்படியே காப்பாத்தும். மெழுகு இருக்கே, அது ஏமாத்து வேலை. கீறல் மேல பூசி மறைக்கும், பளபளன்னு காட்டும், ரெண்டு மழைக்கு அப்புறம் குட்டு வெளிப்பட்டுடும்." கேட்டவர் டீயைக் குடித்துவிட்டுத் தப்பித்து ஓடுவார். அலமாரியில் ஒரு மெழுகு டின்னும் இருந்தது. யாரோ பரிசாகக் கொடுத்தது. மூடியைக்கூடத் திறக்கவில்லை என்று பெருமையடித்துக்கொள்வார்.

சீலன்ட் போட்ட அன்று வீட்டில் ஊரடங்கு. அது காய்ந்து பிடிக்க ஒரு ராத்திரி ஆகும். அதுவரைக்கும் ஈ காக்கா காருக்கு அருகில் போகக்கூடாது. பானெட்டில் ஏறிய பூனையைத் தெருக்கோடி வரை துரத்திக்கொண்டு போனவர் அவர்.

மகள் காரைக் கேட்டு வந்தாள். தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து திரும்பக் கார் இல்லாமல் முடியாது. அப்பாவுக்குத் துணி எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள். அவர் அவளைச் சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிடுவார். வந்த சாயங்காலமே அலமாரியிலிருந்த பாட்டில்களை எல்லாம் தரையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல ஆரம்பிச்சிடறேன்மா. சைடெல்லாம் சுழி சுழியா கீறல் விழுந்திருக்கு. நல்லா ஒரு பாலிஷ் ஓட்டிட்டு மேல சீலன்ட் போட்டுட்டா ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்ல."

 பாலிஷ் போட்டால் தோல் போகும். தோல் போனால் கை?

"டிக்கிய விட்டுடு," என்றேன்.

"ஏன்?"

"அது நல்லாத்தான் இருக்கு."

"அம்மா, கார்ல பாதிய மட்டும் பாலிஷ் போட்டா பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். உங்கப்பா காரு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பாட்டில்களை வரிசையாகவே விட்டுவிட்டு எழுந்தாள். அவளுக்கு முந்திக்கொண்டு எழுந்து, டிக்கி மேல் ஒரு போர்வையைப் போட்டுவிடலாம் என்று திட்டம் போட்டுப் படுத்தேன். எத்தனையோ நாள் கண்ணை மூடாதவள், அன்றைக்கென்று அடித்துப் போட்டதுபோலத் தூங்கிவிட்டேன்.

"அம்மா!" என்ற குரலில்தான் விழித்தேன். ஓடினேன். மகள் வாளியைக் கையில் பிடித்தபடி காருக்குப் பின்னால் நின்றிருந்தாள். நல்ல பனி. கை அன்றைக்குப் போல என்றைக்கும் தெளிவாக இருந்ததில்லை.

"அப்பா கை," என்றாள். 

அவளுக்கும் தெரிகிறது என்றதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தினம் வர்றாருடி. நான்தான் சொல்லல. முதல்ல விரல் மட்டும்தான் வந்துச்சு. இப்ப பாரு, முழுசா வந்துட்டாரு."

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். ஓர் ஓரத்தில் தண்ணீர் தெளித்து அது உருண்டு ஓடுவதைக் கவனித்தாள். கதவில் தெளித்தாள், மறுபடி டிக்கியில் தெளித்தாள். விரலால் தேய்த்து முகர்ந்தாள். அவள் அப்பா செய்வதை எல்லாம் அப்படியே செய்தாள்.

"அம்மா, அப்பா டிக்கிக்கு மெழுகு போட்டாரா?"

"அவரா? மெழுகையா?"

"ஓரத்துல இன்னும் கொஞ்சம் ஒட்டிட்டிருக்கு. டிக்கியில மட்டும்தான். வேற எங்கயும் இல்ல."

போய் மெழுகு டின்னை எடுத்து வந்தாள். மூடி திறந்திருந்தது. மேலே ஒரு விரலால் வழித்த பள்ளம் மட்டும். மற்றபடி டின் நிறைய மெழுகு இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவர் போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. கார் முழுக்க சீலன்ட் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்து உள்ளே வந்து, பேசாமல் தரையில் உட்கார்ந்தார். "என்ன, இன்னைக்குக் கார் உங்கள துடைச்சு விட்டுச்சா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "வெயில்" என்றார். மறுநாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டிக்கியை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. டிக்கியோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்றதற்கு, தீர்ந்துவிட்டது என்றார்.

மகளிடம் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. நர்ஸ் முகமாகிவிட்டது.

"அம்மா, இது இப்ப வர்ற கை இல்ல. சீலன்ட் ஈரமா இருக்கும்போது வெச்ச கை. அது அப்படியே காஞ்சு பதிஞ்சிடுச்சு. மறுநாள் அதுக்கு மேல மெழுகு பூசியிருக்கார். மழையிலயும் வெயில்லயும் மெழுகு கொஞ்சம் கொஞ்சமாப் போகப் போக, கீழ இருக்கிற கை தெரிய ஆரம்பிச்சிருக்கு."

"ஈர சீலன்ட்ல அவரு கை வெப்பாரா? பூனைய விரட்டினவருடி."

"அதான்மா, வேணும்னு வெச்சதில்ல." அவள் காற்றில் கையை நீட்டிக் காட்டினாள். "விரல் எல்லாம் கீழ்ப்பக்கமா இழுத்திருக்கு பாரு."

பார்த்தேன். இத்தனை நாளும் விரல்களிலிருந்து கீழே இறங்கும் அந்தக் கோடுகளைப் பனி வழிந்த தடம் என்று நினைத்திருந்தேன். என்னைக் கூப்பிடுகிற கை என்று நினைத்திருந்தேன். அது விழாமல் இருக்கப் பிடித்துக்கொண்ட கை. உள்ளங்கையின் அடிப்பக்கம் அழுந்தியிருந்தது. அவர் பாரம் முழுவதும் அங்கேதான் இருந்திருக்கிறது. நான் நாலு எட்டில், சமையலறையில் இருந்தேன்.

"அன்னைக்கே நெஞ்சு வலி வந்திருக்கும்மா. பாலிஷ் போட்டு எடுக்க உடம்புல தெம்பு இருந்திருக்காது," என்றாள் மகள். "அதான் மெழுகு. நீ பாத்துடக் கூடாதுன்னு."

எனக்கு வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம். வாழ்நாள் முழுக்க ஏமாற்று வேலை என்று திட்டிய மெழுகை, கடைசியில் என்னை ஏமாற்ற எடுத்திருக்கிறார். நெஞ்சு வலிக்குது என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டாவது ஓடியிருப்பேனே. "பெரிய மனுஷன்! பொண்டாட்டி பயந்துடுவான்னு பூசி மெழுகினாராம்!" என்று டிக்கியைப் பார்த்துக் கத்தினேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

கத்தி ஓய்ந்ததும் மகள் என் பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். வரிசையாக இருந்த பாட்டில்களைப் பார்த்தாள்.

"பாலிஷ் போட்டா இன்னைக்கே போயிடும்மா. மெழுகு போட்டா கை பத்திரமா இருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போட்டுட்டே வந்தா பல வருஷம் இருக்கும். ஆனா கண்ணுக்குத் தெரியாது."

"சும்மா விட்டா?"

"தெரியும். ஆனா சீலன்ட்டும் தேஞ்சிட்டுத்தான் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்தான்."

டின்னை என் பக்கம் நகர்த்தினாள். இருப்பதே போதாதா, பார்க்கத்தான் வேண்டுமா என்று அவளுக்கு. கையில் எடுத்தேன். நல்ல வாசனை. ஒரு தடவை பூசினால் அவர் எங்கேயும் போகமாட்டார். நானும் இனி பனிக்காகக் காத்திருக்க வேண்டாம். விரலைக்கூட உள்ளே விட்டேன்.

"வேணாம்," என்றேன். "அவரு மறைச்சது போதும். நான் வேற மறைக்கணுமா?"

"கரைஞ்சு போறத எப்படிம்மா தினம் பாப்பே?"

"போன தடவை பாக்கவே விடலையேடி."

அவள் எல்லா பாட்டில்களையும் எடுத்து அடுக்கினாள். காரை எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் போனாள்.

முதலில் மணிக்கட்டு மேடு மங்கியது. அப்புறம் உள்ளங்கை. வருகிறார் என்று நினைத்த நாட்களைவிட இந்த நாட்களில்தான் நான் அவரோடு அதிகம் பேசினேன். பனி இல்லாத காலைகளில் வாயால் ஊதிப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு விரலாகப் போயிற்று. ஒரு நாள்கூடத் தவறவில்லை. காய்ச்சல் வந்தபோது போர்த்திக்கொண்டு போய் நின்றேன். கடைசியில் சுண்டு விரல் நுனி மட்டும் சில நாள் இருந்தது.

பிறகு ஒரு காலையில் டிக்கி முழுக்க ஒரே வெள்ளை. ஊதினேன். குனிந்து, பக்கவாட்டில் பார்த்து, இன்னொரு தடவை ஊதினேன். சூரியன் வரும்வரை அங்கேயே நின்றேன். அதன் பிறகுதான் உள்ளே வந்து மகளுக்குப் போன் போட்டேன்.

"வந்து காரை எடுத்துக்கோ," என்றேன். "அப்பா போயிட்டாரு."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"அழாதடி," என்றேன். "நான் பக்கத்துலதான் இருந்தேன்."