பத்து விநாடியில் ஆமாம்

கிள்ளான் ஃபேக்டரியில் மூன்றாம் மேசையை விட்டு உஷாராணி இன்னும் எழுந்திருக்கவில்லை என்று கேண்டீன் முழுக்கப் பேச்சு. அவளுக்குப் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிட்டது, அது வேறு விஷயம்.

மருத்துவமனைக்குப் போகும், நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிகளைச் சோதிக்கிற மேசை அது. சோதனையின் முடிவில் கணினித் திரையில் ஒரு பெட்டி எழும்பி, ‘எச்சரிக்கை மணி கேட்டதா?’ என்று கேட்கும். காதால் கேட்டுவிட்டு ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ அமுக்கவேண்டும். புதிதாக வந்த மாதவி கொஞ்சம் அசந்தால் ‘ஆமாம்’ தானாக விழுகிறது.

“நான் தொடவே இல்லண்ணே,” என்றாள் சிவேந்திரனிடம். “அந்த அக்கா கைதான் லா.”

சிவேந்திரன் சிரித்து வைத்தான். அந்தத் திரைப் பெட்டிக்கு நிரல் எழுதியவனே அவன்தான். உஷாராணிக்கு இனிப்பு நீர் வியாதி; அடிக்கடி கழிப்பறைக்கு ஓடுவாள்; வேலை நின்றால் சூப்பர்வைசர் நாகையா கத்துவார். பாவம் பார்த்து, பத்து விநாடி யாரும் தொடாவிட்டால் ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொள்ளும்படி மாற்றிவைத்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது சொன்னால் போன சரக்கெல்லாம் திரும்பி வரவேண்டும், அவன் வெளியே போகவேண்டும். பேயே பழியை ஏற்றுக்கொண்டபோது இவன் எதற்கு வாயைத் திறப்பான்?

வியாழன் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும், அந்தப் பத்து விநாடியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட உட்கார்ந்தான். முதலில் பதிவுகளைப் பார்த்தான். ஆமாம், ஆமாம், ஆமாம். நடுவில் ஒரு ‘இல்லை’. செவ்வாய், மத்தியானம் ஒன்று பன்னிரண்டு. கருவியைச் செருகிவிட்டு வந்த மாதவி அந்நேரம் கேண்டீனில் அவன் எதிரே ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஆளே இல்லை. அவன் எழுதியதற்கோ ‘ஆமாம்’ மட்டும்தான் சொல்லத் தெரியும்.

கழிவுக் கூடையில் கிடந்த அந்தக் கருவியை எடுத்து மாட்டினான். விளக்கு எரிந்தது. மணி அடிக்கவில்லை. காதை ஒட்டவைத்தான். பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு தானும் கேட்பதுபோல் இருந்தது.

பெட்டி எழும்பியது. அவன் இன்னும் எதையும் மாற்றவில்லை. பத்தில் அது மறைந்திருக்கவேண்டும். பதினொன்று. இருபது. ஒரு நிமிடம். பெட்டி அப்படியே நின்றது, அவன் முகத்தைப் பார்த்தபடி.

‘இல்லை’யை அமுக்கிவிட்டு நாகையாவிடம் போனான்.

“சரக்க லோரியில ஏத்தாதீங்க அங்கிள். அந்த ‘ஆமாம்’ எல்லாம் நான் வச்சது.”

நாகையாவுக்குக் கோபம் வரவே ஒரு நிமிடம் பிடித்தது. அவர் பேய்க்குத்தான் தயாராக இருந்தார்.