செத்தது என்று நான் எழுதிய இஞ்ஜின்

என் காருக்கு எந்த இஞ்ஜின் போடுவது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கார் வைத்திருக்கிற எனக்குத்தான் தெரியாது என்று அவர்கள் நினைப்பு.

என் பெயர் யசோதரா. வீடு எம்.கே.பி. நகர், வேலை காசிமேட்டில். பதினான்கு வருஷமாக விசைப்படகுகளின் டீசல் இஞ்ஜின்களைப் பிரித்து மாட்டுகிறேன். திருவொற்றியூரில் ஒரு பழைய ரேஸ்காரர், தன் ஷெட்டை இடிக்கப்போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் யார் அள்ளிக்கொண்டு போகிறார்களோ அவர்களுக்கே கார் என்றார். நான் சனிக்கிழமையே அள்ளிவிட்டேன். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் கார், டர்போ வைத்தது. ரோட்டில் ஓட்டக் காகிதம் இல்லை, ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டலாம். எனக்கு அது போதும்.

அதன் இஞ்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோணமான ஒரு இரும்பு, முட்டை வடிவக் கூட்டுக்குள் சுற்றும். அப்படி இரண்டு. ரோட்டரி என்பார்கள், எங்கள் ஷெட்டில் சமோசா இஞ்ஜின். என் காரில் ஒரு சமோசா முனை உடைந்து, கூட்டையும் கிழித்து வைத்திருந்தது. வேறு இஞ்ஜின்தான் போட வேண்டும்.

அப்போதுதான் ஷிபின் வந்தான். அண்ணா நகர்ப் பக்கம் பெரிய கார்ப் பட்டறை வைத்திருக்கிறவன். ஜனவரியில் பழைய கார்களுக்கான பந்தயத்தில் நான் பெயர் கொடுத்ததைக் கேள்விப்பட்டு, ஷெட்டுக்கே தேடி வந்தான்.

"ரோட்டரிய மறந்துடுங்க. அது தலைவலி," என்றான். "என்கிட்ட ஆறு சிலிண்டர் பிஸ்டன் இஞ்ஜின் இருக்கு. சும்மாவே தர்றேன். என் பசங்க மாட்டுவாங்க, என் பசங்க டியூன் பண்ணுவாங்க. நீங்க கை வெக்க வேணாம், ஓட்டினா போதும். மீன் மார்க்கெட்லேர்ந்து ஒரு லேடி டிரைவர்! போட்டோ சும்மா அள்ளும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுக்கடலில் நின்றுபோன படகில் ஏறி, அலையில் வாந்தி எடுத்துக்கொண்டே இஞ்ஜினை உயிர்ப்பித்த கை இது. என் காரில் நான் கை வைக்கக் கூடாதாம், வாசலில் கட்டிய வாழைமரம் மாதிரி நிற்க வேண்டுமாம். எனக்கு வேண்டியது கோப்பை இல்லை. பந்தயத்தன்று அந்த பானட்டைத் திறந்து, உள்ளே இருப்பது என் வேலை என்று காட்ட வேண்டும். அது போனால் எனக்கு அந்தக் காரே வேண்டாம்.

"யோசிச்சு சொல்றேன்," என்று அனுப்பிவிட்டேன்.

அறிவு, என் வீட்டுக்காரர், துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். அவர்தான் துப்புக் கொண்டுவந்தார். "தண்டையார்பேட்ட மொஹ்சின் பாய் குடோன்ல ஒரு சமோசா கீதாம். கண்டெய்னர்ல வேற சாமானோட வந்திருக்கு. போய்ப் பாப்பமா?"

செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். மொஹ்சின் பாய் படகுக்காரர்களுக்குப் பழைய இஞ்ஜின் விற்கிறவர், என்னை நன்றாகத் தெரியும். மூலையில் அது குந்தியிருந்தது, கியர்பாக்ஸோடு, ஸ்டார்ட்டரோடு, உடம்பெல்லாம் எண்ணெய்ச் சேறு. எனக்குக் கை பரபரத்தது. பேட்டரி கொடுத்து, பிளக்கைக் கழற்றி என் மீட்டரை மாட்டிச் சுற்றவிட்டேன். இஞ்ஜின் உள்ளே காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று அது காட்டும். ஆயிரம் வரை எண் போட்ட மீட்டர். முள் சோம்பலாக எழுந்து நூற்றுப் பத்தில் நின்றுவிட்டது.

படகில் நானூறு காட்டினால்தான் இஞ்ஜின். முந்நூறு என்றால் நோயாளி. நூற்றுப் பத்து என்றால் பிணம். நான் இரண்டாம் யோசனை யோசிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து சாக்பீசை எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். சோதித்த மெக்கானிக் இஞ்ஜின் மேலேயே தீர்ப்பை எழுதிவிட வேண்டும். ஓடும், பார்க்கணும், செத்தது, இந்த மூன்றில் ஒன்று. கீழே பெயரின் முதல் எழுத்து. என் 'ய' இருந்தால் காசிமேட்டில் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். இந்தப் பெயரை வாங்க எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

செத்தது, ய. எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

வண்டியில் நான்தான் பேசினேன், எல்லோரையும் திட்டி. வேறு ரோட்டரி இந்த ஊரில் எங்கே கிடைக்கும்? பந்தயத்துக்கு ஏழு வாரம். மறுநாள் காலையில் வெட்கத்தை விட்டு அண்ணா நகருக்குப் போனேன். தலையாட்டத்தான் போனேன், மறைப்பானேன்.

ஷிபின் காபி வரவழைத்தான். "நல்ல முடிவு. ரோட்டரி எதுவும் பாத்தீங்களா?"

"ஒன்னு பாத்தேன். செத்தது. நூத்திப் பத்துதான் காட்டுச்சு."

அவன் கை கப்பிலேயே நின்றது. ஒரு நொடிதான். பிறகு உதட்டைப் பிதுக்கினான். "ஆமா, செத்ததுதான். அது... எந்த குடோன்ல பாத்தீங்க?"

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? செத்த இஞ்ஜினுக்கு எதற்கு முகவரி? நூற்றுப் பத்து. டீசலுக்கு அது பிணம். இது டீசலா? இது பெட்ரோல், அதிலும் ரோட்டரி. அதற்கு எவ்வளவு இருக்க வேண்டும்? படகைத் தவிர வேறு எதையும் அளந்திராத மண்டை, படகுக் கணக்கையே அதற்கும் போட்டிருந்தது. சேலை நெய்கிறவள் வலையை அளந்த கதை.

"நூத்திப் பத்து நல்ல நம்பர்தானே, ஷிபின்?" என்றேன்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பே பதில். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

படியிறங்கும்போதே மொஹ்சின் பாய்க்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அறிவு அன்று லீவு, வாசலில் பைக்கோடு நின்றிருந்தார். "தண்டையார்பேட்டைக்கு வுடு," என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

குடோன் வாசலில் ஒரு குட்டியானை மினி லாரி நின்றிருந்தது. அதன் முதுகில் துருப்பிடித்த தகடுகளுக்கும் உடைந்த கம்பிகளுக்கும் நடுவில் என் இஞ்ஜின். செத்தது, ய. நாலு பேர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போவுது அது?" என்று கத்தினேன்.

மொஹ்சின் பாய் பதறிப்போனார். "காயலாங்கடைக்கும்மா. உருக்கத்தான். இன்னா ஆச்சு?"

"நேத்து காலைலதானே பாத்தேன்..."

"அதான் நீ எழுதிட்டியே! நீ செத்ததுன்னு எழுதினா செத்ததுதான். வேற ஒருத்தன்கிட்ட காட்டினா உனக்கு மரியாதயா?"

ஷிபின் என்னை நம்பவே இல்லை. இந்த மனிதர் நம்பித் தொலைத்ததில் இஞ்ஜின் உலைக்குப் போகப் பார்த்தது. நாலு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். எல்லோரும் காசிமேட்டோடு பழக்கம் உள்ளவர்கள். இப்போது வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் துறைமுகம் முழுக்கப் பரவும். சொல்லாமல் சமாளிக்க வழி இருந்தது. பாகம் எடுக்க வேண்டும் என்று சொல்லி இறக்கியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அப்படிச் செய்தால் ஷிபினுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"பாய், நான் தப்பா எழுதிட்டேன்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "டீசல் கணக்குல பாத்துட்டேன். எம்மேலதான் தப்பு. எறக்குங்க."

ஒருவன் களுக்கென்று சிரித்தான். "யக்காவே ஜகா வாங்கிச்சா?"

"வாங்கினேன்டா. நீ ஒரு பக்கம் புடி."

இறக்கும் வரை பொறுக்காமல், பையில் எப்போதும் கிடக்கும் மீட்டரை எடுத்து, வண்டி முதுகிலேயே வைத்து மறுபடி சோதித்தேன். இந்த முறை முள்ளை நம்பவில்லை. மீட்டர் முனையில், டயர் டியூபில் இருப்பது போல ஒரு சின்ன வால்வு உண்டு. காற்றைப் பிடித்துவைப்பது அதுதான். அதைக் கழற்றிவிட்டால் காற்றின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். ஒரு சமோசாவுக்கு மூன்று பக்கம், மூன்று அடி.

"ஒருத்தனும் பேசக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் காதை வைத்தேன்.

முதல் கூடு. புஸ், புஸ், புஸ். மூன்றும் ஒரே அளவு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

இரண்டாவது கூடு. புஸ், புஸ், உஸ். மறுபடி. புஸ், புஸ், உஸ். நேற்று முள் இதைக் காட்டாததற்குக் காரணம் புரிந்தது. அது பெரிய அடியை மட்டும் பிடித்துக்கொண்டு, சின்னதை மறைத்துவிட்டது. ஆறில் ஐந்து நன்றாக இருக்கிறது, ஒன்று நோஞ்சான். அப்படியே தூக்கிக் காரில் மாட்ட முடியாது. முழுசாகப் பிரித்து, முனைகளில் உள்ள சீல்களை மாற்றிக் கட்ட வேண்டும். நான் ரோட்டரியைப் பிரித்ததே இல்லை. பிரித்தவர்களைப் பார்த்ததும் இல்லை.

போன் அடித்தது. ஷிபின்.

"யசோதரா, கோச்சுக்காதீங்க. சரி, ஒத்துக்குறேன், நல்ல இஞ்ஜின்தான். என்கிட்ட குடுங்க, ரோட்டரியாவே கட்டித் தர்றேன். பிஸ்டன் வேணாம். போதுமா?"

அறிவு என்னைப் பார்த்தார். அவர் கேட்க நினைத்தது முகத்திலேயே இருந்தது. ஏழு வாரம், ரோட்டரி இஞ்ஜின், சும்மா கிடைக்கும் உதவி. ஒத்துக்கொண்டால் கார் ஜனவரியில் நிச்சயம் ஓடும். நானே கட்டினால் ஓடலாம், முதல் சுற்றிலேயே புகை விட்டு நிற்கவும் செய்யலாம், ஊரே பார்க்க.

"வேணாம் ஷிபின். நானே கட்டிக்கிறேன்."

"ரோட்டரிய தொறக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது," என்றேன். "தொறந்தாத்தான தெரியும்."

போனை வைத்துவிட்டுச் சட்டைக் கையால் 'செத்தது' என்பதை அழித்தேன். கீழே இருந்த 'ய'வை மட்டும் அப்படியே விட்டேன்.