யசோதினியின் புது ஹார்ட் டிஸ்க்

முதன்முதலாகக் கதை எழுதத் துணிந்திருக்கிறேன். பிழைகளைப் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இலங்கை மலையகத்து ஹாலிஎலயில் சிறு ஸ்டூடியோ நடத்தும் யசோதினியின் பழைய கணினியில், சுற்றுத் தேயிலைத் தோட்டங்களின் பதினோராண்டுக் கல்யாணப் படங்கள் இருந்தன. வேறு பிரதி கிடையாது. ஹார்ட் டிஸ்க் நிரம்பியதோடு, சில நாட்களாகக் கடகடவென்று முனகவும் தொடங்கியிருந்தது. ஆகவே பதுளையிலிருந்து பெரியதொன்றை வாங்கி வந்து, பழையதன் பக்கத்தில் பூட்டினாள்.

கணினி புதியதைக் கண்டுகொள்ளவில்லை. மூன்று முறை அணைத்துப் போட்டாள். ஒவ்வொரு முறையும் பழையது கூடுதலாக முனகியது. புதியதைக் கழற்றிப் பார்த்தபோது, வயர் செருகும் பற்களில் சந்தனம் காய்ந்திருந்தது.

"என்னங்க, இதுக்குப் பொட்டு வச்சீங்களா?"

"புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமப் பூட்டலாமா?" என்றான் கணவன் தனபாலன்.

"அதுக்கு வாயிலயா அப்புவீங்க?"

"நெத்தி எந்தப் பக்கமுன்னு தெரியலையே புள்ள!"

பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் துலக்கும் பிரஷில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் பூட்டினாள். இம்முறை கணினி புதியதை அறிந்துகொண்டது. மாலைக்குள் படங்கள் குடிபெயர்ந்தன. பழையது அத்துடன் ஓய்ந்தது.

போனவை இவ்வளவே: திறக்க மறுத்த ஆறு படங்கள், எங்கோ உருண்டோடிய ஒரு ஸ்க்ரூ, தனபாலனின் பிரஷ்.