எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும்

இரண்டு விசில் கேட்டதும் ஓட்டுநர் கியரைத் தள்ளினான். சாலையைப் பார்ப்பதற்கு முன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தான். முதல் வரிசையில் ஜன்னலோரம் மனைவி இருந்தாள். வலது கையால் இடது தோளை அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் பார்ப்பதைக் கவனித்து முகவாயால் சாலையைக் காட்டினாள்.

"முன்னால பாத்து ஓட்டுங்க. எனக்கு ஒண்ணும் ஆகல."

காலையில் வலிக்கிறது என்றாள். வாயு என்றான். அவன் சட்டைக்குப் பொத்தான் போடும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றி முழுக்க வேர்வை. "இது வாயு இல்லைங்க" என்றாள். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடமாகும் என்றது போனில் ஒரு குரல். மழைக்கு ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. அவன் மனக்கணக்குப் போட்டான். டிப்போ அடுத்த தெருவில். அவன் ஓட்டும் பஸ் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கும். முப்பத்தைந்து நிமிடம். ஐந்து நிமிடம் லாபம்.

நடத்துநரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான்.

"அண்ணே, எங்கயும் நிக்காம நேரா விட்டுடலாமா?"

 நிறுத்தத்தில் நிற்காமல் போனதற்கு ஓட்டுநருக்குப் போன மாதம் இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"வேணாம் தம்பி. மழையில நிக்கறவங்க பாவம். எனக்கும் ஒரு டிக்கெட் போடு. செக்கர் ஏறினா உங்க அண்ணனுக்கு உசுரே போயிடும்."

நடத்துநர் சிரித்தான். ஓட்டுநருக்கும் சிரிப்பு வந்தது. அவள் ஜோக் அடிக்கிறாள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

நூலகத்தில் நின்றான். காவல் நிலையத்தில் நின்றான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடைகள் மடங்கின, சில்லறை தேடினார்கள், படியில் நின்றுகொண்டே யாருக்கோ வழி சொன்னார்கள். அவன் ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"கிளட்சை இப்பிடி மிதிச்சா தேஞ்சிடாது?" என்றாள் பின்னாலிருந்து.

"உனக்கு ரொம்பத் தெரியும்."

"தெரிஞ்சுக்க விட்டீங்களா?"

இரண்டு வருடத்துக்கு முன் பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆள் கேட்டார்கள். அவள் விண்ணப்பம்கூட வாங்கி வந்தாள். ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்றாள். பயமாயிருக்கிறது என்றான் அவன். யாருக்கு என்று அவள் கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. விண்ணப்பம் அரிசி டப்பாவுக்கு அடியில் வெகுநாள் கிடந்தது.

தண்ணீர் தொட்டி நிறுத்தத்தில் விசில் வந்து வண்டி நகர்ந்தபோது அவள் குரல் கேட்டது. "ஒரு அம்மா ஓடி வர்றாங்க. நில்லுங்க."

பிரேக்கை மிதித்தான். சீருடைச் சேலையில் ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லவேளை. இதை விட்டிருந்தா வேலையே போயிருக்கும்."

"குடையை மடிச்சுக் கீழ வைங்க. நனையுது" என்றாள் மனைவி.

சந்தையில் கூட்டம் அப்பியது. கூடைகள், ஈரத் தலைகள், யாரோ ஒருவருடைய முதுகு. கண்ணாடியில் அவள் மறைந்துபோனாள்.

"இந்தப் பாலத்தை எம்பொண்ணு பொறந்தப்ப கட்ட ஆரம்பிச்சான். அவ இப்ப மூணாங்கிளாஸ்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"அவ கல்யாணத்துக்குத் திறந்துடுவான், விடுங்க."

சிரித்தார்கள். ஓட்டுநர் கழுத்தை நீட்டிப் பார்த்தான். முதுகுதான் தெரிந்தது. 'வலி எப்படியிருக்கு' என்று கூப்பிட்டுக் கேட்கலாம். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கேட்கவில்லை.

கல்லூரியில் பாதி வண்டி இறங்கியது. முதுகு விலகியது. அவள் ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள்.

"தூங்கறாங்க போல" என்றான் நடத்துநர்.

அடுத்த வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. அவள் தலை ஜன்னல் கண்ணாடியில் மோதியது. சத்தம் அவனுக்குக் கேட்டது. அவள் கை தலைக்குப் போகவில்லை. வீட்டில் தாழ்ப்பாள் அசைந்தாலே விழித்துக்கொள்கிறவள்.

அவன் கை தானாக மேலே போனது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கூரை பார்க்கத் திருப்பியது.

தபால் நிலையம். ஒரு விசில். அவன் நிறுத்தவில்லை. மறுபடி விசில். யாரோ தகரத்தில் ஓங்கித் தட்டினார்கள்.

"யோவ், இறங்கணும்யா!"

"காதுல பஞ்சா வச்சிருக்க?"

"பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிட்டு வந்திருப்பான். நம்ம மேல காட்டறான்."

வண்டியே சிரித்தது. சிவப்பு விளக்கைத் தாண்டினான். யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஆள் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார்.

"குடிச்சிருக்கியா நீ? நிறுத்துடா வண்டிய!"

 பின்னால் அந்தச் சீருடைப் பெண் "ஏங்க... இந்தாங்க..." என்று யாரையோ மெல்ல எழுப்புவது கேட்டது. பிறகு அவள் வீறிட்டாள்.

"நிறுத்தாதீங்க! வண்டிய நிறுத்தாதீங்க!"

"அவங்க அண்ணனோட வீட்டுக்காரம்மா" என்றான் நடத்துநர். விசில் அவன் வாயிலிருந்து விழுந்து கயிற்றில் ஆடியது.

சண்டைக்கு வந்த ஆள் ஜன்னல் வழியே பாதி உடம்பை மழையில் நீட்டி, போகிற வருகிற வண்டிகளைக் கையால் ஒதுக்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரி வாசல் வரை கையை உள்ளே எடுக்கவில்லை.

ஓட்டுநர் வழக்கமான இடத்தில், கோட்டுக்கு உள்ளே, நிறுத்தினான். பின்கதவைத் திறந்தான். ஜனங்கள் சத்தமில்லாமல் இறங்கினார்கள். நடத்துநர் ஓடிப்போய்க் கூட்டிவந்த நர்ஸ் அந்த வழியாகவே ஏறி வந்தாள். ஓட்டுநர் திரும்பவில்லை.

"கடைசியா எப்பப் பேசினாங்க?"

"நான் ஏறினப்பப் பேசினாங்க. குடையைக் கீழ வைக்கச் சொன்னாங்க" என்றாள் சீருடைப் பெண். அவள் இன்னும் எழவில்லை. "அப்புறம் கூட்டம் வந்துடுச்சு. எம்மேல சாஞ்சாங்க. தூக்கம்னு நெனச்சு ஜன்னல் பக்கம் சாய்ச்சுவிட்டேன்."

"எந்த ஸ்டாப்புல?"

 ஓட்டுநர் எண்ணினான். சந்தை. பாலம். மருந்துக்கடை. கல்லூரி. எல்லாவற்றிலும் நின்றிருந்தான்.

"போய்க் கொஞ்ச நேரமாச்சு" என்று நர்ஸ் தாழ்ந்த குரலில் நடத்துநரிடம் சொன்னாள்.

வைப்பர் இப்படியும் அப்படியும் போனது. நடத்துநர் அவன் தோளைத் தொட்டான்.

"அண்ணே, முன்கதவைத் திறங்க. ஸ்ட்ரெச்சர் பின்னால நுழையாது."

கதவுப் பொத்தான் ஓட்டுநரின் விரலுக்கு அடியில் இருந்தது. முன்கதவுக் கண்ணாடியை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். தலையில் பிளாஸ்டிக் பை கவிழ்த்த ஒருவர். மில் கேட் நிறுத்தம் போகுமா என்று உதடு அசைந்தது.

ஓட்டுநர் அவரைப் பார்த்தான். போகும் என்று தலையாட்டினான். விரலை அழுத்தவில்லை.