தொப்பிக்குப் பிறகு நெஞ்சு

வெண்டல் புரோக்கோப் பதின்மூன்று வருடத்தில் பதினோரு பேஸ்பால் அணிகளுக்கு ஆடியவன். எல்லாமே இரண்டாம் நிலை அணிகள். பெரிய லீக்கில் ஒரு நாள்கூட நின்றதில்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் இந்த அணிக்கு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மேலே, இவர்களிடமிருந்து ஆள் எடுக்கும் பெரிய லீக் அணியில், மட்டைக்காரன் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சருக்கு விரல் முறிந்துவிட்டது. அந்த இடத்துக்கு இந்த அணியின் இரண்டு கேட்சர்களில் ஒருவன்: வெண்டல் அல்லது கோபர்ன். ஆட்டம் முடிந்ததும் சொல்வதாக மேனேஜர் டெட்ரோ அறிவித்திருந்தார். வெண்டலுக்கு முப்பத்து நான்கு வயது. இன்னொரு விரல் முறியும்வரை காத்திருக்க முடியாது.

கடைசிச் சுற்று. ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தார்கள். இரண்டு பேர் அவுட்; மூன்றாமவனும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. வெண்டல் முதல் தளத்தில் நின்றான். எதிரே பயிற்சியாளர் பைனம் சைகை காட்ட ஆரம்பித்தார். காது, தொப்பி, நெஞ்சு, பெல்ட், முழங்கை. பார்ப்பவருக்குக் கொசு விரட்டுவதுபோல இருக்கும். அதில் பெரும்பாலானது பொய். எதிரணியும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது! அதனால் ஒவ்வொரு அணியும் உடம்பில் ஓர் இடத்தைச் சாவியாக வைத்துக்கொள்ளும். சாவியைத் தொட்டதும் அடுத்துத் தொடுவது மட்டுமே கட்டளை. இந்த அணிக்குச் சாவி பெல்ட். அதன்பின் நெஞ்சு வந்தால் அடுத்த தளத்துக்கு ஓடு. முழங்கை வந்தால் நில். போன வாரம் வெண்டல் ஆடிய அணிக்குச் சாவி தொப்பி; நெஞ்சு வந்தால் அங்கேயும் ஓடு.

தொப்பி, நெஞ்சு. வெண்டல் ஓடினான்.

குந்திக் குந்தித் தேய்ந்த முழங்கால்கள். அவன் போய்ச் சேருவதற்கு முன்பே பந்து இரண்டாம் தளத்தில் காத்திருந்தது. அவுட். ஆட்டமும் முடிந்தது.

"யோவ், யாருய்யா உன்னை ஓடச் சொன்னது?" என்று பைனம் கத்தினார். "தபால் பெட்டிகூட உன்னவிட வேகமா ஓடும்!"

மேனேஜரின் அறைக்குப் போகும்போது வெண்டலிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: பந்து எறிபவன் காலை மெதுவாகத் தூக்கினான், துணிந்துவிட்டேன். யாராலும் மறுக்க முடியாது. உண்மையைச் சொல்வதுதான் ஆபத்து. எறிபவனுக்கே சைகை கொடுப்பவன் கேட்சர். சைகையைக் குழப்பும் கேட்சர் யாருக்கு வேண்டும்?

டெட்ரோ, அறையில் ஏற்கெனவே நின்றிருந்த பைனமைப் பார்த்தார். "உன் கை தப்பாப் போச்சா?"

"அப்படித் தோணல... பெல்டுக்கு அப்புறம் நெஞ்சைத் தொட்டுட்டேனோ என்னவோ." பைனமின் குரல் இறங்கியது.

"இல்ல பாஸ். அவர் சரியாத்தான் காட்டினார்," என்றான் வெண்டல். "நான்தான் போன வாரத்து டீம் சைகையப் படிச்சுட்டேன்."

டெட்ரோ சிரித்துவிட்டார். "பதினோரு வீட்டுச் சாவியையும் ஒரே வளையத்துல மாட்டி வச்சிருக்கியா?"

"ஆமா பாஸ்."

"கோபர்ன் இந்த மாசம் மூணு சைகையத் தவறவிட்டான். மூணுக்கும் வெயில் கண்ணக் கூசுச்சாம். அதுல ரெண்டு ராத்திரி ஆட்டம்." அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். "தப்பு எங்கன்னு சொல்றவனைத் திருத்திக்கலாம். காலைல ஏழு மணி விமானம்."

வெண்டல் நடைவழியில் இருந்த தொலைபேசியில் மனைவியை அழைத்தான்.

"டார்லீன், பெட்டியெல்லாம் பிரிச்சுட்டியா?"

"பாத்திரம் மட்டும்தான். ஏன்?" அவள் சற்று நிறுத்தினாள். "எந்தப் பக்கம்?"

"மேல," என்றான் வெண்டல்.